கணக்கு எழுதுதலும் கணக்குக் கேட்டலும்

பொருளை ஈட்டுவது எங்ஙனம், காப்பது எங்ஙனம், வகுத்துச் செலவிடுவது எங்ஙனம் என்பவற்றை இளைஞர்க்குப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும் என்பதில் இன்று கருத்து வேற்றுமை இல்லை. அரசாங்கம் வேண்டும் என்கிறது. வங்கிகள் வேண்டும் என்கின்றன. பெற்றோரும் வேண்டும் என்கின்றனர். கடன் கொடுப்போரும் கடன் பட்டோரும் ஒரே குரலில் ஒன்றை வேண்டும் என்னும்போது, அறிவுடையார் சிறிது நின்று, "இவ்விரு திறத்தாரும் கேட்பது ஒரே கல்வியைத்தானா?" என்று வினவுதல் கடமையாகும். அவ்வினாவையே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

மலேசியாவில் இக்கல்வி புதிதன்று. 1997-ஆம் ஆண்டிலேயே பேங்க் நெகாரா, கல்வி அமைச்சுடன் சேர்ந்து, பள்ளிகளைத் தத்தெடுத்து மாணவர்க்குப் பண நிர்வாகத்தைக் கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2014 முதல் தொடக்கப்பள்ளிப் பாடங்களிலும், 2017 முதல் இடைநிலைப்பள்ளிப் பாடங்களிலும் நிதிக்கல்வி சேர்க்கப்பட்டது. மூன்றாம் படிவக் கணித நூலில் சேமிப்பு, முதலீடு, கடன் ஆகியவை ஓர் அதிகாரம்; நான்காம் படிவ நூலில் நிதி நிர்வாகம் ஓர் அதிகாரம்; ஐந்தாம் படிவ நூலில் காப்புறுதியும் வரியும் தனித்தனி அதிகாரங்கள். 2019-இல் நிதியறிவுக்கென்று ஐந்தாண்டுத் தேசியத் திட்டமும் வகுக்கப்பட்டது. 2027 முதல் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பட்டிருக்கிறது. பழைய நூல் போய்ப் புதிய நூல் எழுதப்படும் வேளை இது. ஆதலின், இந்தப் பாடத்தை எடைபோட்டுப் பார்ப்பதற்கு இதனினும் ஏற்ற காலம் வேறில்லை.

எடைபோடுவதென்றால் எடைக்கல் வேண்டும். பாடநூலை ஆராய்வோர் வழக்கமாகக் கேட்பவை சில. சொன்ன செய்தி சரியா? மாணவர் வயதுக்கு ஏற்றதா? மொழி தெளிவா? படங்களும் பயிற்சிகளும் உண்டா? தேர்வுக்கு உதவுமா? இவையெல்லாம் கேட்கத்தக்க கேள்விகளே. ஆயினும் பொருளைப் பற்றிய பாடத்துக்கு இவை போதா. நிலநூலில் மலையின் உயரம் சரியாயிருந்தால் போதும். அது யார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே உயரந்தான். பொருளைப் பற்றிய பாடமோ, உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றாகவும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மற்றொன்றாகவும் கேட்கும். ஆகவே, ஈப்போவைச் சூழ்ந்த பழைய ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைக்கு அப்பாடம் என்ன செய்கிறது என்பதையே நாம் எடைக்கல்லாகக் கொள்வோம். அங்கே தேறும் பாடம் எங்கும் தேறும்.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடுவோம். நூல்களில் உள்ளவை பயனற்றவை அல்ல. கூட்டுவட்டி எங்ஙனம் வளர்கிறது என்று அவை காட்டுகின்றன. கடன் அட்டைக்குக் குறைந்த தொகையை மட்டும் கட்டிவந்தால் மிச்சக் கடனுக்கு வட்டி ஏறும் என்பதை மாணவரே கணக்கிட்டு அறியச் செய்கின்றன. குறிக்கோள் தெளிவாகவும், அளக்கத்தக்கதாகவும், அடையத்தக்கதாகவும், நடைமுறைக்கு ஒத்ததாகவும், காலவரையுடையதாகவும் இருக்கவேண்டும் என்கின்றன. நிலையான செலவு இன்னது, மாறும் செலவு இன்னது என்று பிரித்தெழுதப் பழக்குகின்றன. இவை நம் தாத்தா பாட்டிமார்க்கு எவரும் கற்பிக்காதவை. கற்பித்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் கடனில் மூழ்காமல் தப்பியிருக்கும். ஆகவே இப்பாடம் வேண்டாம் என்பார் நம் பகைவரே.

நிற்க. இப்போது அந்தப் பாடத்தை ஒரு வீட்டுக்குள் கொண்டு செல்வோம். சுங்கை சிப்புட்டிலோ செம்மோரிலோ பத்துகாஜாவிலோ உள்ள ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்க. கணவன், மனைவி, பள்ளிக்குச் செல்லும் மக்கள் இருவர். தந்தை ஒருவருக்கே சம்பளம். அவர் பெறுவது 2025-இல் சட்டம் வகுத்த குறைந்தபட்சச் சம்பளமாகிய 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் 187 வெள்ளி போனால், கைக்கு வருவது 1,513. பிற சிறு பிடித்தங்களை விட்டுவிடுவோம். வாடகை 450, உணவு 620, மோட்டார் சைக்கிள் தவணையும் பெட்ரோலும் 220, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி 150, பிள்ளைகளின் பள்ளிப் பேருந்தும் கைச்செலவும் 180 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 1,620 ஆகிறது. மாதந்தோறும் 107 வெள்ளி துண்டு விழுகிறது. ஆண்டுக்கு 1,284. இதில் நோய் இல்லை, திருமணம் இல்லை, தீபாவளியும் இல்லை.

அந்த வீட்டு மகள் நான்காம் படிவத்தில் படிக்கிறாள். வரவைக் காட்டிலும் செலவு மிகுந்தால் அது எதிர்மறைப் பணப்பாய்வு என்று வகுப்பில் கற்கிறாள். தீர்வு என்ன என்று கேட்டால், மாறும் செலவைக் குறைக்க வேண்டும், அல்லது வருவாயைப் பெருக்க வேண்டும் என்று எழுதுகிறாள். உணவுச் செலவை 620-இலிருந்து 500-க்குக் குறைத்துக் கணக்கை நேர் செய்கிறாள். விடைத்தாளில் முழு மதிப்பெண், வீட்டில் அரைவயிறு!

இதிற் கணக்கு பிழையா? இல்லை. கணக்கு சரி. ஆனால் அந்தச் சரியான கணக்கு அவள் உள்ளத்தில் எதனை விதைக்கிறது என்பதே நம் கேள்வி. தன் தந்தை திட்டமிடத் தெரியாதவர். தன் தாய் சிக்கனம் அறியாதவள். தன் குலம் முழுவதுமே பொருளை ஆளத் தெரியாத குலம் என்று அவள் எண்ணிவிட்டால், அப்பாடம் கணக்கைக் கற்பித்து, உடனொரு பொய்யையும் கற்பித்ததாகும். வறுமையை ஒழுக்கக் குறைவு என்று காட்டும் கல்வி, பழைய காலத்தில் வறுமையைத் தலைவிதி என்று காட்டிய போதனையின் உடன்பிறப்பே. அன்று முன்வினை என்றார்கள்; இன்று திட்டமின்மை என்கிறார்கள். இரண்டிலும் குற்றவாளி ஏழையே.

இந்தப் பொய்யைத் தெளிவாகக் காண வேண்டுமானால் நாம் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். தோட்டத்துத் தமிழன் கணக்கே இல்லாமல் வாழ்ந்தவன் அல்லன். அவனைப்போலக் கணக்குக்குள் அடைபட்டு வாழ்ந்தவன் எவனுமில்லை. கங்காணி அவனைத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் சேர்த்தபோது கொடுத்த முன்பணம் ஒரு கணக்கு. வழிச்செலவு ஒரு கணக்கு. 1907-இல் முதலாளிகளிடம் தொகை பிரித்துக் குடியேற்ற நிதி ஏற்படும்வரை இவை அவன் தலைமேல் கடனாக நின்றன. விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டது ஒரு கணக்கு. பால் கொட்டகையில் அவன் சுமந்து வந்த பாலை நிறுத்து எழுதியது ஒரு கணக்கு. கடையில் அரிசியும் உப்பும் வாங்கியது பற்றுப் புத்தகத்தில் ஒரு கணக்கு. இத்தனை கணக்கிலும் அவன் எழுதியது ஒன்றுகூட இல்லை. கிராணி எழுதினார், கங்காணி சொன்னார், கடைக்காரர் கூட்டினார். அவன் கைநாட்டு வைத்தான்.

1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேலிருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்க வகை செய்தது. அத்தகைய தோட்டப் பள்ளிகள் பலவற்றில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர். கூலிக் கணக்கை எழுதியவரே கூலியின் பிள்ளைக்குக் கணக்கும் கற்பித்தார். அப்பள்ளியிலிருந்து, "எங்கள் அப்பாவின் பால் எடை ஏன் குறைந்தது?" என்று கேட்கும் பிள்ளை தோன்றுமா? இதனை இன்றைக்கும் பொருத்திப் பார்க்கலாம். வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் பள்ளிகளுக்குச் சிற்றேடுகள் அச்சிட்டு வழங்கும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆயினும், கடன் கொடுப்பவர் கடனைப் பற்றி எழுதிய பாடத்தை, கடன் வாங்குபவர் பக்கத்தில் நின்று ஒருமுறை படித்துப் பார்க்காமல் வகுப்பறைக்குள் விடுதல் ஆகாது.

இனி, சிக்கனமும் நியாயமும் வெவ்வேறு அன்று என்பதற்கு ஒரு சான்று. பேராக்கை அடுத்துள்ள சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் 1941-இல் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர வேண்டும் என்பது ஒன்று. பிள்ளைகளுக்குச் சரியான கல்வி வேண்டும் என்பது ஒன்று. பெண்களை இழிவுபடுத்துதல் ஒழிய வேண்டும் என்பது ஒன்று. துரைமார் எதிரில் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயம் கூடாது என்பது ஒன்று. அவற்றோடு, தோட்டங்களிலுள்ள கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று! குடித்துக் கெட்டவர்கள் என்று எவர்களைப் பிறர் ஏசினார்களோ, அவர்களே கள்ளுக்கடையை மூடு என்றார்கள். தன் கையிலுள்ள காசு வீணாகக் கூடாது என்பதையும், தனக்குரிய காசு கைக்கு வரவேண்டும் என்பதையும் அவர்கள் ஒரே மனுவில் எழுதினார்கள். அப்போராட்டம் படையின் துணைகொண்டு அடக்கப்பட்டது. அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர்.எச். நாதன் நாடுகடத்தப்பட்டார். ஆனால் அந்த மனுவைவிடச் சிறந்த பொருளாட்சிப் பாடம் ஒன்று எந்தப் படிவத்து நூலில் இருக்கிறது?

மற்றொரு சான்று பேராக்கிலேயே உண்டு. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றனர். தலைமுறையாக மரம் வெட்டியவர்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒரே நாளில் இழக்கும் நிலை வந்தது. அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் அமைச்சராக இருந்தவருமாகிய வீ.தி. சம்பந்தன் அவர்கள், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து சிறுதொகைகளாகக் கட்டிப் பங்கு சேர்த்தனர். அப்பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. முதலில் வாங்கியது 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம். இதில் சேமிப்பு இருந்தது, கட்டுப்பாடு இருந்தது, நெடுங்காலக் குறிக்கோள் இருந்தது. இவை யாவும் நான்காம் படிவ நூல் வேண்டுவனவே. ஆனால் தனித்தனி ஆளாகச் சேமித்திருந்தால் அவர்களில் ஒருவராவது தோட்டம் வாங்கியிருக்க முடியுமா? ஒருவரின் சிக்கனம் ஒரு மாத அரிசியைக் காப்பாற்றும். ஆயிரம் பேரின் சிக்கனம் ஒன்றுசேர்ந்தால் நிலத்தைக் காப்பாற்றும். 'தன்' வளத்தை ஆளும் பாடம் பொது வளத்தைப் பற்றி வாய்திறவாவிட்டால் பாதிப்பாடமே.

இங்ஙனம் கூறுவதால், ஏழையின் துன்பம் முழுவதும் பிறரால் வந்ததே, நம்மவரிடம் குற்றமே இல்லை என்று நாம் சொல்வதாக எவரும் கருதற்க. அப்படிச் சொல்வது நம்மவரை ஏமாற்றும் முகத்துதி. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து ஈப்போ முதலிய ஊர்களில் பேசியபின், சுயமரியாதைக் கொள்கை இங்கே வேரூன்றியது. சடங்குகளில் காசை இறைக்காதீர். திருமணத்தை எளிமையாகச் செய்யுங்கள் என்னும் அறிவுரை அப்போதிருந்து சொல்லப்பட்டு வருகிறது. நூறாண்டு நிறையப் போகிறது. அந்த அறிவுரை இன்னும் பழசாகவில்லை. இரண்டு நாள் திருமணத்துக்காக ஐந்தாண்டுக் கடன் வாங்குவோர் இன்றும் உள்ளனர். காதுகுத்துக்கும் மண்டபம் பிடிக்கிறார்கள். மொய்ப்பணம் வந்து கடனை அடைக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். வந்த மொய் அத்தனையும் திருப்பிச் செய்யவேண்டிய கடன் என்பதை மறக்கிறார்கள். நகையை அடகு வைத்துத் திருவிழா நடத்துகிறார்கள். திருவிழா முடிந்து மீட்கப் போகும்போது வட்டியைக் கண்டு திகைக்கிறார்கள்.

அந்த ஐந்தாண்டுக் கடனையே எடுத்துக்கொள்வோம். 10,000 வெள்ளியை, ஆண்டுக்கு நூற்றுக்கு 6 என்று நிலைவட்டி பேசி வாங்கினால், ஐந்தாண்டு வட்டி 3,000. மொத்தம் 13,000-ஐ 60 மாதத்தில் கட்ட வேண்டும். மாதம் ஏறக்குறைய 217. நூற்றுக்கு 6 என்பது காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் மாதந்தோறும் முதல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டி மட்டும் கடைசி மாதம்வரை முழுப் 10,000-க்கும் போடப்படுகிறது. குறையும் முதலுக்கு வட்டி கணக்கிட்டால் அது நூற்றுக்கு 11-ஐ நெருங்கும். நிலைவட்டியைக் கணக்கிடும் முறையை மூன்றாம் படிவ நூல் கற்பிக்கிறது. முறை தெரிந்த பிள்ளை அடுத்துக் கேட்கவேண்டிய கேள்வி, "நான் திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் ஏன் வட்டி வாங்குகிறீர்?" என்பது. அதனைக் கேட்கத் தூண்டுவதே பாடத்தின் உயிர். ஆகவே, திருமணத்தில் வீண்செலவு செய்யாதே என்று தந்தையிடம் சொல்லும் துணிவும், இந்த வட்டி எப்படி வந்தது என்று கடன்காரரிடம் கேட்கும் துணிவும் ஒரே கல்வியின் இரு கைகள். ஒரு கையை மட்டும் வளர்த்தால் அது ஊனம்.

வருவாய் சிறிதாயினும் செலவு அதன்மேல் விரியாவிட்டால் கேடில்லை என்னும் கருத்து திருக்குறளில் இருப்பதை யாவரும் அறிவர். சிக்கனத்தைப் பற்றிப் பேசுவோர் அதனை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. ஆனால் வள்ளுவர் அக்கருத்தை எங்கே வைத்தார் என்பதைப் பெரும்பாலோர் எண்ணுவதில்லை. அது பொருட்பாலில், அரசியலில், 'வலியறிதல்' என்னும் 48-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அஃதாவது, வரி வாங்கிச் செலவிடும் அரசனுக்குச் சொல்லப்பட்டது. ஆள்வோனுக்குச் சொன்ன அறிவுரையை நாம் ஆளப்படுவோனுக்கு மட்டும் சொல்லி வருகிறோம். தொழிலாளி அதனைக் கைக்கொள்ளக் கூடாது என்பதன்று நம் கருத்து. செலவுக்கு வரம்பு வேண்டும் என்னும் நீதி மேலிருப்பவனிடமிருந்து தொடங்கிக் கீழே வரவேண்டும் என்பதே.

அவசரத்துக்கு ஒரு தொகை ஒதுக்கி வை என்று பாடம் சொல்கிறது. நல்லது. 2020 முதல் 2022 வரை, கொள்ளை நோய்க் காலத்தில், ஊழியர் சேமநிதியிலிருந்து நான்கு சிறப்புத் திட்டங்களின் வழியாக மக்கள் எடுத்த தொகை ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி. 1951-இல் சட்டமாகி, முதுமைக்கென்று காத்துவந்த நிதி அது. எடுத்தவர்களை முன்யோசனை அற்றவர்கள் என்று ஏசலாமா? வேலை நின்றது, வாடகை நிற்கவில்லை. அவசர நிதி ஒதுக்க முடியாத கூலியில் வாழ்ந்தவன், தன் முதுமையையே அவசர நிதியாக்கினான். அவனுக்குத் திட்டமிடக் கற்பிக்க வேண்டுமென்றால், அவன் திட்டமிடத்தக்க கூலி எவ்வளவு என்பதையும் அதே வகுப்பில் கணக்கிடச் சொல்ல வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. வளம் என்றால் பணம் மட்டுமா? காலம் வளம், உடல்நலம் வளம், கைத்தொழில் வளம். மேற்சொன்ன வீட்டில் தந்தை ஒருவருக்கே வருவாய் என்று எழுதினோம். தாய் விடியுமுன் எழுந்து சமைக்கிறாள்; துவைக்கிறாள்; மாமியாரைப் பார்த்துக்கொள்கிறாள்; பிள்ளைகளை அனுப்புகிறாள். வரவுப் பக்கத்தில் அவளுக்கு ஒரு வரியும் இல்லை! அவள் ஒரு வாரம் படுத்துவிட்டால் அந்த வேலைக்கெல்லாம் எத்தனை வெள்ளி ஆகும் என்று மாணவரைக் கணக்கிடச் சொல்லட்டும். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே வணிகத்தால் பெயர்பெற்ற குடும்பங்கள் உண்டு. அத்தகைய வணிகத்தில் வறுக்கும் கை, பொட்டலம் கட்டும் கை, விற்கும் கை எல்லாம் வரவில் பங்குடையவை என்பதை அவ்வீட்டுப் பிள்ளை பாடமின்றியே அறியும். சம்பள வீட்டுப் பிள்ளைக்கோ அதனைப் பாடந்தான் சொல்ல வேண்டும். பெண்ணின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காத நூல், ஆண்பிள்ளைக்கு ஆணவத்தையும் பெண்பிள்ளைக்கு அடிமைப் புத்தியையும் ஊட்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். நம் பிள்ளைகள் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் கற்று, இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழிக்கு மாறுகின்றனர். பாடநூலின் நிதிச்சொற்கள் மலாயில் உள்ளன. வீட்டிலோ கைமாற்று, அடகு, வட்டி, கூட்டு, மொய் என்று தமிழில் பணம் பேசப்படுகிறது. 'கூட்டு' என்னும் நம் சொல் இந்நாட்டுச் சட்டத்திலேயே ஏறியிருக்கிறது, ஆனால் எப்படி? கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயராக! கூட்டுப் பிடித்தவர் பணத்தோடு மறைந்தால் ஏழைகள் தெருவில் நிற்பதால் அத்தகைய காப்பு வேண்டியதே. ஆனால் நம் வீடுகளில் இன்றும் பேசப்படும் ஒன்று சட்டத்தில் தடுக்கப்பட்டிருப்பதையும், அதற்கு மாற்றாகப் பதிவுபெற்ற கூட்டுறவுச் சங்கம் இருப்பதையும் பிள்ளை அறிய வேண்டாவா? மலாயில் எழுதிய கடன் ஒப்பந்தத்தைப் படித்துத் தாய்க்குத் தமிழில் விளக்கும் திறமே அப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரும் முதற் செல்வம். இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் ஒரு சம்பளச்சீட்டையும் ஓர் ஒப்பந்தத்தையும் வாசிப்புப் பகுதியாக வைத்தால் மொழியும் வளரும், வீடும் பிழைக்கும்.

இவற்றைக் கேட்கும் சிலர், "கணித நூலில் அரசியல் புகலாமா? ஆசிரியர் சூத்திரத்தைக் கற்பிப்பாரா, முதலாளியோடு சண்டைபிடிக்கக் கற்பிப்பாரா?" என்று வினவுவர். அவர்கட்கு நம் விடை இது. தந்தையின் சம்பளம் 1,700 ஆனால் முதலாளி தம் பங்காக நூற்றுக்கு 13 வீதம் 221 வெள்ளியைச் சேமநிதியில் கட்டவேண்டும் என்பது சட்டம். அது கட்டப்பட்டதா என்று அறிக்கையைப் பார்த்துச் சரிபார்ப்பது கணக்கா, சண்டையா? உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18-க்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். ஆலோங் கேட்பதை அதனோடு ஒப்பிடுவது கணக்கா, அரசியலா? கணக்கைப் பாதியில் நிறுத்துவதே அரசியல். முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நேர்மை.

வேறு சிலர், "பிள்ளைகள் பெற்றோரையும் பெரியோரையும் கேள்வி கேட்கத் தொடங்கினால் மரியாதை கெடும்" என்று அஞ்சுவர். கேள்விக்கு அஞ்சும் மரியாதை நெடுநாள் நில்லாது. கணக்கைக் காட்டிய தந்தையிடம் மகளுக்கு மதிப்பு மிகும். "இத்தனை கூலியில் எங்களை எப்படி வளர்த்தீர்கள் அப்பா!" என்று அவள் வியப்பாள். முன்பு அவரைக் குற்றவாளியாக்கிய அதே கணக்கு, முழுதாகப் போடப்பட்டால் அவரை விடுவிக்கும்.

ஆதலின், புதிய நூல் கைக்கு வரும்போது, ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் நான்கு கேள்விகளை அதனிடம் கேட்க வேண்டுகிறோம். முதலாவது, இதிலுள்ள எடுத்துக்காட்டுகளில் குறைந்த கூலிக் குடும்பம் ஒன்றாவது உண்டா? இரண்டாவது, கைக்கு வந்த பணத்தை மட்டும் எண்ணச் சொல்கிறதா, வரவேண்டிய பணத்தையும் சரிபார்க்கச் சொல்கிறதா? மூன்றாவது, சம்பளம் பெறாத உழைப்பையும் காலத்தையும் வளமாகக் கணக்கில் சேர்க்கிறதா? நான்காவது, தனித்துச் சேமிப்பதோடு நின்றுவிடுகிறதா, சேர்ந்து சேமிப்பதையும் சேர்ந்து கேட்பதையும் காட்டுகிறதா? இந்நாட்டு இடைநிலைப்பள்ளிகள் பலவற்றில் பள்ளிக் கூட்டுறவுக் கடை உண்டு. மாணவரே பங்குதாரர். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும். அந்த நாளில் ஒவ்வொரு மாணவரும் எழுந்து ஒரு கேள்வியேனும் கேட்கப் பழகட்டும். ஓர் அதிகாரத்தின் வேலையை அந்த ஒரு நாள் செய்யும்.

பேராக் என்னும் மலாய்ச் சொல்லுக்கு வெள்ளி என்று பொருள். இந்நாட்டுத் தமிழர் காசையும் வெள்ளி என்றே வழங்குகிறோம். அந்த வெள்ளியை மண்ணிலிருந்து ஈயமாகவும் மரத்திலிருந்து பாலாகவும் எடுத்துக் கொடுத்தவர்களுள் நம் முன்னோரும் உளர். அதன் கணக்கை எழுதியவர்கள் வேறு. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இன்று கணக்கு எழுதக் கற்பிக்கப்படுகிறது. இது பெரிய முன்னேற்றமே. ஆனால் எழுதத் தெரிந்து கேட்கத் தெரியாதவன் நல்ல கிராணியாவான். நல்ல குடிமகன் ஆகான். தன்னிடமும் பிறரிடமும் ஒரே நேர்மையோடு கணக்குக் கேட்கும் தலைமுறையை உண்டாக்கும் நூலே நமக்கு வேண்டும்.